என்-2 முடித்தபின் ஜப்பானிய மொழி ஆசிரியராவது எப்படி?

ஒரகடம்29 எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் இயந்திரப் பொறியியல் பட்டதாரி, வயது 29. கல்லூரி இறுதியாண்டில் வேலைவாய்ப்புக்காகத் தொடங்கிய ஜப்பானிய மொழிப் படிப்பு, ஐந்தாண்டுகளில் என்னை ஜப்பானிய மொழித் திறன் தேர்வான ஜேஎல்பிடியின் என்-2 நிலை வரை (என்-5 தொடக்கம், என்-1 உச்சம்) கொண்டுவந்திருக்கிறது. மூன்று ஆண்டுகளாக ஒரகடத்தில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். வரைபடங்களையும் தரக்கட்டுப்பாட்டு அறிக்கைகளையும் மொழிபெயர்ப்பதும், ஜப்பானிலிருந்து வரும் பொறியாளர்களுக்கும் நம் தொழிலாளர்களுக்கும் நடுவே நின்று பேசுவதும் என் வேலை.

சென்ற ஆண்டு ஐந்து தொழிலாளர்கள் விரும்பிக் கேட்டதால், சனிக்கிழமைகளில் பணி முடிந்தபின் உணவுக்கூடத்திலேயே அவர்களுக்கு ஹிரகானா எழுத்துகளைக் கற்பிக்கத் தொடங்கினேன். இரண்டு மாதம் கழித்து, அவர்களில் ஒருவரான பற்றவைப்புப் பிரிவு அண்ணன், தம் இயந்திரத்தின் மேல் ஒட்டியிருந்த சீட்டை 'அ...பு...நா...இ' என்று எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "அபாயம் என்றுதானே எழுதியிருக்கிறது?" என்று கேட்டார். பல ஆண்டுகளாக அந்தச் சீட்டுக்குப் பக்கத்திலேயே நின்று வேலை செய்தவர் அவர். அன்றிரவு எனக்கு வேறு எதிலும் மனம் செல்லவில்லை. கற்பித்தலையே தொழிலாக ஏற்க வேண்டும் என்ற எண்ணம் அன்று முதல் என்னை விடாமல் பற்றிக்கொண்டிருக்கிறது.

சில வாரங்களுக்கு முன் ஒரு பயிற்சி நிலையத்தில் விசாரித்தேன். சான்றிதழைப் பார்த்தவுடன், "திங்கட்கிழமை வந்து வகுப்பைத் தொடங்குங்கள்" என்றார்கள். நான் எப்படிக் கற்பிப்பேன் என்று அவர்கள் கேட்கவில்லை. எப்படிக் கற்பிக்க வேண்டும் என்று சொல்லவும் இல்லை. மகிழ்ச்சியோடு சென்ற நான் அச்சத்தோடு திரும்பினேன். ஆசிரியர் பணிக்கு என்-2 போதுமா? முறையான பயிற்சி எங்கே கிடைக்கும்? பல்கலைக்கழகத்தில் சேர்ந்து மீண்டும் படிப்பதா, ஜப்பானுக்கே செல்வதா? நிலையான சம்பளத்தை விட்டுவிடுவாளோ என்று அம்மா கவலைப்படுகிறார். இந்த வழியில் சென்றவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கரும்பலகை எழுதியது:

அன்புள்ள தங்கைக்கு வணக்கம். சென்னையில் பதினாறு ஆண்டுகளாக ஜப்பானிய மொழி கற்பித்து வருகிறேன். தயக்கத்தோடு திரும்பி வந்தீர்களே, அதை நல்ல அடையாளமாகவே கருதுகிறேன்.

முதலில் சான்றிதழைப் பற்றி. தொடக்கநிலையான என்-5, என்-4 வகுப்புகளுக்குப் பெரும்பாலான நிலையங்கள் என்-2 தேர்ச்சியை ஏற்றுக்கொள்கின்றன. ஆனால் அந்தத் தேர்வு எதை அளக்கிறது என்பதை ஆசிரியராக விரும்புபவர் மறந்துவிடக் கூடாது. சொல்லறிவு, இலக்கணம், வாசிப்பு, கேட்டுப் புரிதல் ஆகியவற்றோடு அது முடிந்துவிடுகிறது. பேச்சுத் தேர்வும் இல்லை, எழுத்துத் தேர்வும் இல்லை. என்-2 நிலையில் 180 மதிப்பெண்ணுக்கு 90 பெற்று, மூன்று பகுதிகளிலும் 60-க்குக் குறைந்தது 19 பெற்றுவிட்டால் தேர்ச்சி கிடைத்துவிடும். கற்பவருக்கு அது போதும். வகுப்பில் நிற்பவருக்கு, தெரியாத அந்தப் பாதியிலிருந்துதான் முதல் நாளே கேள்வி வரும். ஆகவே என்-1 தேர்வுக்கு இப்போதே படிக்கத் தொடங்குங்கள். ஆண்டுக்கு இருமுறை, ஜூலையிலும் டிசம்பரிலும், சென்னையிலேயே எழுதலாம்.

மொழி தெரிவது வேறு, அதைக் கற்பிக்கத் தெரிவது வேறு என்பதை நான் தாமதமாகவே கற்றேன். என் முதல் ஆண்டில் 'தெ வடிவம்' என்று நாம் சொல்லும் வினைவடிவத்தை ஆங்கிலத்தில் விளக்கினேன். வினைகளை மூன்று குழுக்களாகப் பிரித்து, மாற்ற விதிகளைப் பலகை நிறைய எழுதிப்போட்டேன். மாணவர்கள் விதிகளை மனப்பாடம் செய்தார்களே ஒழிய, ஒரு வாக்கியம்கூடத் தானாக வரவில்லை. மூன்றாம் நாள், செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து வந்த, பள்ளி முழுவதும் தமிழ்வழியில் படித்த ஒரு மாணவர் எழுந்து, "மேடம், இது நம்ம வினையெச்சம்தானே?" என்று கேட்டார். சிறிது நேரம் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. 'எழுந்து, குளித்து, சாப்பிட்டு, கல்லூரிக்குப் போனேன்' என்று நாம் எச்சங்களை அடுக்கி, கடைசியில் ஒரு முற்றுவினையால் முடிப்பது போலவேதான் ஜப்பானியர்களும் அடுக்குகிறார்கள்.

அதன்பின் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. 'தபெதெ மிரு' என்றால் சொல்லுக்குச் சொல் 'சாப்பிட்டுப் பார்'. அங்கும் 'பார்' என்பது கண்ணால் காண்பதைக் குறிக்காமல், செய்து அறிவதைக் குறிக்கிறது. 'வாங்கி வை' என்பதில் வரும் 'வை', 'மறந்துவிட்டேன்' என்பதில் வரும் 'விடு' ஆகியவற்றுக்கும் அங்கே இணையான துணைவினைகள் உண்டு. ஆங்கிலவழிப் பாடநூல் ஒரு பத்தி எழுதி விளக்குவதை நம் மாணவருக்கு ஒரே தமிழ்த் தொடரால் உணர்த்திவிடலாம்.

இன்னும் ஒன்று சொல்கிறேன். கொடுத்தலைக் குறிக்க ஜப்பானிய மொழியில் 'அகெரு', 'குரெரு' என்று இரண்டு வினைகள் உள்ளன. நான் பிறருக்குக் கொடுத்தால் முதலாவது. பிறர் எனக்கோ என்னைச் சேர்ந்தவருக்கோ கொடுத்தால் இரண்டாவது. கற்பவர்கள் மாதக்கணக்கில் தடுமாறும் இடம் இது. ஆனால் தன்மைக்கும் முன்னிலைக்கும் 'தா', படர்க்கைக்குக் 'கொடு' என்று தொல்காப்பியமே பிரித்து வைத்திருக்கிறது. 'எனக்குத் தந்தார், அவனுக்குக் கொடுத்தேன்' என்று பலகையில் எழுதிக் காட்டினால் வகுப்பில் பாதிப் பேருக்கு உடனே விளங்கிவிடும். முன்னிலையில்தான் இரு மொழிகளும் பிரிகின்றன: நாம் 'உனக்குத் தருகிறேன்' என்போம், அவர்களோ அங்கே 'அகெரு'வைத்தான் சொல்வார்கள். எங்கே ஒத்துப்போகிறது என்பதோடு எங்கே பிரிகிறது என்பதையும் சேர்த்துச் சொல்பவரால்தான் மாணவர் பிழையின்றிப் பேசுவார்.

நம் தாய்மொழி வைக்கும் கண்ணிகளும் உண்டு. உச்சரிப்பைத் தமிழெழுத்தில் எழுதிக் கொடுக்கும் பழக்கத்தைத் தயவுசெய்து தொடங்காதீர்கள். வானிலையைக் குறிக்கும் சொல்லும் மின்சாரத்தைக் குறிக்கும் சொல்லும் முதல் ஒலியின் அதிர்வில் மட்டுமே வேறுபடுகின்றன. தமிழில் எழுதினால் இரண்டுமே 'தென்கி' ஆகிவிடும். 'அங்கு', 'பந்து' என்று சொல்லிப் பழகிய நம் நாக்கு, மெல்லினத்துக்குப் பின்வரும் வல்லொலியைத் தானாகவே மென்மையாக்கிவிடுகிறது. வங்கி, துணி துவைத்தல், நடைப்பயிற்சி ஆகியவற்றைக் குறிக்கும் அன்றாடச் சொற்களை நம் மாணவர்கள் தவறாக ஒலிப்பது இதனால்தான். இதை முதல் மாதத்திலேயே திருத்தாவிட்டால் என்-2 வரை கூடவே வரும். குறில் நெடில் வேறுபாடும் ஒற்று இரட்டிப்பதும் நமக்குப் பிறவியிலேயே கிடைத்த வரம். 'ஒபசான்' என்றால் அத்தை, 'ஒபாசான்' என்றால் பாட்டி என்பதை நம் பிள்ளைகள் ஒருமுறை கேட்டாலே பிடித்துக்கொள்வார்கள்.

பயிற்சிக்கு வருகிறேன். 'க்யோவான்' எனப்படும் பாடத்திட்டத்தை நிமிடக் கணக்கோடு எழுதுவதும், சக ஆசிரியர்களையே மாணவர்களாக உட்காரவைத்து 'மொகி ஜுக்யோ' எனப்படும் மாதிரி வகுப்பெடுப்பதும்தான் இந்தத் தொழிலின் அடிப்படை. ஜப்பானில் பயிற்சி பெற்றுத் திரும்பியோரின் சங்கமான ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய் சென்னையில் நெடுங்காலமாக மொழி வகுப்புகளை நடத்தி வருகிறது. அத்தகைய இடங்களில் மூத்த ஆசிரியர் ஒருவரின் வகுப்பில் பின்வரிசையில் ஒரு பருவம் முழுவதும் உட்கார அனுமதி கேளுங்கள். நான் அப்படி உட்கார்ந்த நான்கு மாதங்கள் எனக்கு எந்தச் சான்றிதழையும்விடப் பயன்பட்டன.

வருமானத்தைப் பொறுத்தவரை உங்கள் அம்மாவின் கவலை நியாயமானது. நான் தொடங்கிய ஆண்டில், மொழிபெயர்ப்பாளராகப் பெற்றதில் பாதிகூட மாதம் கைக்கு வரவில்லை. ஆகவே வேலையை உடனே விட்டுவிடாதீர்கள். வார இறுதி வகுப்பிலிருந்து தொடங்குங்கள்.

தில்லித்தமிழன் எழுதியது:

வணக்கம். நான் பல்கலைக்கழக வழியில் சென்றவன். அந்த வழியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ நிரந்தரப் பணி வேண்டுமானால் ஜேஎல்பிடி சான்றிதழ் மட்டும் போதாது. ஜப்பானிய மொழியில் முதுகலைப் பட்டமும், பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) சார்பில் தேசியத் தேர்வு முகமை நடத்தும் நெட் எனும் தகுதித் தேர்வில் தேர்ச்சியும் குறைந்தபட்சத் தேவைகள். நெட் தேர்வில் ஜப்பானிய மொழி தனிப்பாடமாகவே உள்ளது. உதவிப் பேராசிரியர் தகுதிக்கு வயது வரம்பு இல்லை. எனவே 29 வயதை எண்ணிக் கலங்க வேண்டாம். தில்லியில் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகமும் தில்லிப் பல்கலைக்கழகமும், சாந்திநிகேதனில் விஸ்வபாரதியும், ஹைதராபாத்தில் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகமும் இம்மொழியைக் கற்பிக்கின்றன. பொறியியல் பட்டத்தை வைத்து எந்தப் படிப்பில் எந்த ஆண்டில் சேரலாம் என்பது இடத்துக்கு இடம் மாறுவதால், சேர்க்கை அறிவிப்பை நேரடியாகப் படித்துவிடுங்கள்.

பள்ளிகளும் உள்ளன. சிபிஎஸ்இ பாடத்திட்டத்தில் ஜப்பானிய மொழியை அயல்மொழியாகக் கற்பிக்க இடம் உண்டு. ஆனால் அதைக் கற்பிக்கும் பள்ளிகள் தில்லியைச் சுற்றியே மிகுதி என்பது என் அனுபவம்.

ஆசிரியர்களுக்கான பயிற்சியைக் கேட்டிருந்தீர்கள். இந்திய-ஜப்பானிய அரசுகள் 2017-இல் செய்துகொண்ட உடன்பாட்டில், ஐந்தாண்டுகளில் இந்தியாவில் 1,000 ஜப்பானிய மொழி ஆசிரியர்களுக்குப் பயிற்சியளிப்பது இலக்காக வைக்கப்பட்டது. அதன் தொடர்ச்சியாக 2018-இல் புதுதில்லியில் ஆசிரியர் பயிற்சி மையம் தொடங்கப்பட்டது. ஜப்பான் அரசு சார்ந்த பண்பாட்டு அமைப்பான ஜப்பான் ஃபவுண்டேஷன் இப்பணிகளில் முதன்மையானது. ஜப்பானின் சைதாமா மாவட்டத்தில் உராவா என்ற இடத்தில் அது 1989 முதல் நடத்திவரும் நிறுவனத்தில் வெளிநாட்டு ஆசிரியர்களுக்குக் குறுகிய, நீண்ட காலப் பயிற்சிகள் உண்டு. இவை பொதுவாக ஏற்கெனவே கற்பித்துக்கொண்டிருப்பவர்களுக்கானவை. ஆகவே வார இறுதி வகுப்பானாலும் ஒரு நிறுவனத்தின் பெயரில், எழுத்துப்பூர்வமான பணிச்சான்று கிடைக்கும்படி கற்பியுங்கள். பின்னால் விண்ணப்பிக்கும்போது கைகொடுக்கும். நான் முதல் இரண்டு ஆண்டுகள் வீட்டில் வைத்துக் கற்பித்ததை எங்கும் கணக்கில் காட்ட முடியவில்லை.

கரும்பலகை அவர்கள் எழுதியதில் ஒரு சிறு எச்சரிக்கையைச் சேர்க்க விரும்புகிறேன். ஒப்புமை கற்பித்தலுக்கு நல்ல கருவிதான். ஆனால் அதிலிருந்து 'தமிழிலிருந்து பிறந்ததுதான் ஜப்பானிய மொழி' என்ற முடிவுக்கு மாணவர்களைத் தாவவிடக் கூடாது. பேராசிரியர் சுசுமு ஓனோ இரு மொழிகளுக்கும் உறவு உண்டு என்று பல ஆண்டுகள் உழைத்து எழுதினார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. உயிருள்ளவை இருப்பதைக் குறிக்கும் ஜப்பானியச் சொல்லும் 'இரு'தான் என்று அறியும்போது மாணவர் முகம் மலர்வதை நானும் பார்த்திருக்கிறேன். அந்த மலர்ச்சி நினைவில் நிற்க உதவட்டும். மொழி வரலாற்றுக்குச் சான்றாகிவிட வேண்டாம்.

சைதாமாவாசி எழுதியது:

வணக்கம். ஜப்பானில் எட்டு ஆண்டுகளாக வசிக்கிறேன்; இங்கே ஒரு மொழிப் பள்ளியில் பகுதிநேரமாகக் கற்பிக்கிறேன். ஜப்பானுக்கு வந்து ஆசிரியராவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள்.

இங்கே விதிகள் அண்மையில் பெரிதும் மாறியுள்ளன. 2023-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, 2024 ஏப்ரல் முதல் 'பதிவுபெற்ற ஜப்பானிய மொழி ஆசிரியர்' என்பது நாட்டளவிலான தகுதியாகிவிட்டது. அரசின் ஏற்பு பெற்ற மொழிக்கல்வி நிலையங்களில் கற்பிக்க அது தேவை. அடிப்படைத் தேர்வு, பயன்முறைத் தேர்வு என்று இரண்டை எழுதி, அதன்பின் வகுப்பறைச் செய்முறைப் பயிற்சியையும் முடிக்க வேண்டும். முதல் தேர்வு 2024 நவம்பரில் நடந்தது. ஏற்கெனவே பணியில் இருப்போருக்கு 2029 மார்ச் வரை இடைக்கால ஏற்பாடுகள் உள்ளன. வயது, கல்வித்தகுதி, நாடு ஆகிய எதுவும் தேர்வெழுதத் தடையில்லை. ஆனால் வினாத்தாள் முழுவதும் ஜப்பானிய மொழியிலேயே இருக்கும். மொழியியல், கற்பித்தல் முறை, குடியேற்ற வரலாறு வரை கேட்பார்கள். என்-1 தேர்ச்சிக்குப் பிறகும் நான் அதற்காக ஓராண்டு படித்தேன். இந்தியாவில் இருந்துகொண்டு கற்பிக்க இந்தத் தகுதி கட்டாயமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கற்பிக்கும் முறையில் மட்டும் கரும்பலகை அவர்களிடமிருந்து சற்று வேறுபடுகிறேன். என் வகுப்பில் நேபாளம், வியட்நாம், இலங்கை என்று பல நாட்டு மாணவர்கள் ஒரே வரிசையில் அமர்ந்திருப்பார்கள். அவர்களுக்குப் பொதுமொழி எதுவும் இல்லை. ஜப்பானிய மொழியைக் கொண்டே ஜப்பானிய மொழியைக் கற்பிக்கும் நேர்முறைதான் இங்கே வழக்கம். படத்தாலும் செய்கையாலும், மாணவர் ஏற்கெனவே அறிந்த சொற்களை மட்டும் கொண்டு புதியதை உணர்த்த வேண்டும். தமிழ் விளக்கத்துக்கே பழகிவிட்ட ஓர் ஆசிரியர் இங்கே வந்தால் முதல் நாளே கைகட்டப்பட்டவர் போலாகிவிடுவார். சென்னையில் இருக்கும்போதே வாரம் ஒரு வகுப்பையாவது தமிழும் ஆங்கிலமும் கலக்காமல் நடத்திப் பழகுங்கள்.

தொடக்கநிலை ஆசிரியர்களுக்கான தேவை இனிக் கூடும் என்றே நம்புகிறேன். 2019-இல் தொடங்கிய குறிப்பிட்ட திறன் தொழிலாளர் விசாவுக்கு, என்-4 தேர்ச்சியோ அதற்கு இணையான ஜேஎஃப்டி-பேசிக் தேர்வுத் தேர்ச்சியோ பொதுவாக வேண்டும். ஐந்தாண்டுகளில் இந்தியாவிலிருந்து 50,000 திறன்பெற்ற பணியாளர்களை ஜப்பானுக்கு அனுப்புவது 2025 ஆகஸ்டில் இரு நாடுகளும் அறிவித்த திட்டத்தில் உள்ளது. செவிலியர், முதியோர் பராமரிப்பாளர், பற்றவைப்பவர் என்று அத்தனை பேரும் யாரோ ஓர் ஆசிரியரிடம் முதல் எழுத்தைக் கற்றுத்தானே விமானம் ஏற வேண்டும்? தொழிற்சாலையின் மொழியை அறிந்த நீங்கள், தேர்வுக்குப் பயிற்றுவிப்பவர்களால் சொல்லித்தர முடியாத ஒன்றைச் சொல்லித்தர முடியும். நான் சந்தித்த இளைஞர் ஒருவர் என்-4 முடித்து வந்தவர். மேற்பார்வையாளர் 'நிறுத்து' என்று சுருக்கமான கட்டளை வடிவத்தில் கத்தியபோது அவருக்குப் புரியவில்லை. வகுப்பில் அவர் கேட்டுப் பழகியதெல்லாம் பணிவான வடிவம் மட்டுமே. நல்லவேளையாக அன்று யாருக்கும் காயமில்லை.

ஒரகடம்29 எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கட்டளை வடிவத்தைப் பற்றிப் படித்தவுடன் என் சனிக்கிழமை வகுப்பை நினைத்துப் பார்த்தேன். நானும் அவர்களுக்குப் பணிவான வடிவத்தை மட்டுமே கற்பித்திருக்கிறேன். இந்த வாரமே அதைச் சரிசெய்கிறேன்.

வேலையை விடாமல், மூத்த ஆசிரியை ஒருவரின் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் பின்வரிசையில் அமர அனுமதி கேட்டேன், ஒப்புக்கொண்டார். ஆனால் மூன்று வாரங்களில் நானே ஒரு மாதிரி வகுப்பெடுக்க வேண்டும் என்றும், அதில் தமிழ் ஒரு சொல்கூட வரக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறார். பாடம்: 'அகெரு', 'குரெரு'. கரும்பலகை அக்கா சொன்ன 'தா', 'கொடு' விளக்கம் இல்லாமல் இதை எப்படித் தொடங்குவது?

கரும்பலகை எழுதியது:

மிக்க மகிழ்ச்சி, தங்கையே. சைதாமாவாசி சொன்னது சரிதான். நான் தமிழை விளக்கத்துக்குப் பயன்படுத்துவேனே தவிர, வகுப்பைத் தொடங்குவது எப்போதும் பொருளை வைத்துத்தான்.

உங்கள் பாடத்துக்கு இரண்டு மாம்பழங்கள் போதும். ஒன்றை ஒரு மாணவரிடம் நீட்டி, நீட்டும்போதே 'அகெரு' வாக்கியத்தைச் சொல்லுங்கள். பிறகு மற்றொருவரிடமிருந்து ஒன்றை வாங்கி, உங்கள் மார்போடு அணைத்துக்கொண்டு 'குரெரு' வாக்கியத்தைச் சொல்லுங்கள். கை உங்களை விட்டு விலகும்போது ஒரு சொல், உங்களை நோக்கி வரும்போது மற்றொன்று. மூன்று முறை செய்தால் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். நான்காம் முறை மாம்பழத்தை ஒரு மாணவர் மற்றொரு மாணவருக்குக் கொடுக்கட்டும்; நீங்கள் ஒன்றும் சொல்லாமல் நின்று, எந்தச் சொல் வருகிறது என்று கேளுங்கள். அந்த இடத்தில் வகுப்பு தயங்கும். உடனே விடையைச் சொல்லிவிடாதீர்கள். பத்து வினாடி பொறுங்கள். புதிய ஆசிரியர்களுக்கு அந்தப் பத்து வினாடிதான் மிகக் கடினம்.

வகுப்பு முடிந்ததும் க்யோவானில் எந்த இடத்தில் எத்தனை நிமிடம் கூடுதலாகப் போனது என்று சிவப்பு மையால் குறித்துவைத்து, இங்கே எழுதுங்கள். சேர்ந்து பார்ப்போம்.